கருநிழல் அவர்களின் கவனத்துக்கு

பிப்ரவரி 3

என் எலிக்குட்டிக்கு,

சித்தி எழுதுகிறேன். வலது முழங்காலைத் தவிர மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க அச்சுப்பிழை பார்க்கிறவள் கண்ணாடியை அலுவலக மேசையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாய் என்று உன் அம்மா எழுதியிருந்தாள். அக்கா கடிதங்களில் பாதி உன்னைப் பற்றிய புகார், மீதி எனக்கான உத்தரவு. இந்தமுறை உத்தரவு உனக்கும் தெரிந்திருக்கும். வருடம் முடிவதற்குள் இந்த வீட்டை விற்றுவிட்டு உங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறாள். இத்தனை வருடமாக என்ன நினைத்தார்களோ அதையேதான் நினைப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் புரோக்கர் ஒரு கணவன் மனைவியை அழைத்து வந்தார். அந்தப் பெண் மாடி ஏறும்போது ஏழாவது படி வழக்கம்போல முனகியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இது 'மேற்கு அறை'யில வர்ற வீடு மாதிரியே இல்ல?" என்றாள். கணவன் மேலே பார்த்தான். அதன் பிறகு அவர்கள் கீழே வந்த வேகத்தைப் பார்த்தால், படி இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

எதிர்வீட்டு டெய்லரம்மாவைக் கேட்டேன். "இன்னுமா படிக்கல நீங்க? ஊரே படிக்குது" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். யாரோ கருநிழல் என்பவர் எழுதியது. உங்கள் பதிப்பகம் போட்டது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படித்தேன். முனகும் படி இருக்கிறது. மேற்கே பார்த்த ஒற்றைச் சன்னல் இருக்கிறது. அந்த அறையின் அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறதாம். வீட்டுக்கார அம்மாள் ஒருத்தி வருகிறாள். இடுப்பில் சாவிக்கொத்து, பச்சைப் புடவை, சர்க்கரை போடாத தேநீர், யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. அப்படியே டெய்லரம்மாவை உரித்து வைத்தது போல இருக்கிறது.

ஆசிரியரிடம் என் சார்பில் கேள். அத்தனை அறைகளையும் யார் பெருக்குகிறார்கள்? வீட்டில் பேய் இருக்கிறது, துடைப்பம் இல்லை. அடுத்தது, பாடம் சொல்லிக் கொடுக்க வந்த அந்தப் பெண் நாலு பக்கம் மழையில் நிற்கிறாள். ஒரு தும்மல் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


பிப்ரவரி 17

அன்புள்ள சித்திக்கு,

முழங்கால் பரவாயில்லையா? என் கண் நன்றாக இருக்கிறது. கண்ணாடியும் அலுவலக மேசையில் பத்திரமாக இருக்கிறது.

கருநிழலை எனக்குத் தெரியாது. கைப்பிரதி தபாலில் வந்தது. முதலாளிகூட அவரைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி என்று விற்பனைப் பிரிவில் சொல்கிறார்கள். சிறையில் காவலராக இருந்தவர் என்று அச்சுக்கூடத்தில் சொல்கிறார்கள். உங்கள் கேள்விகளை அவருக்கு அனுப்பி வைத்தேன். பெருக்குவது, துடைப்பது போன்ற விவரங்கள் அச்ச உணர்வைக் குலைத்துவிடும் என்று பதில் வந்தது. மழையைப் பற்றிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த நாலு பக்கத்துக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உடைத்துக்கொண்டாராம்.

அந்த நாவலுக்குப் பிழை திருத்திய கஷ்டம் எனக்குத்தான் தெரியும். இங்கே ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் சரிபார்க்க வேண்டும். எனக்குப் படித்துக் காட்டுகிறவருக்கு அலுவலகம் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. குறிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே குரலில் படிப்பார். "அவன் அவளருகே வந்தான் முற்றுப்புள்ளி அவள் மூச்சு காற்புள்ளி ஒரு கணம் காற்புள்ளி நின்றது முற்றுப்புள்ளி." எழுதியவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்திருப்பார்.

வாசகர்களுக்குப் பதில் போடுவதும் என் தலையில்தான். ஒரு பல் மருத்துவர், காத்திருப்போர் அறையில் இந்தப் புத்தகத்தை வைத்ததிலிருந்து கூப்பிட்டால் யாரும் எழுந்து வருவதில்லை என்று எழுதியிருக்கிறார். ஒரு பெண், பயத்தில் மொட்டைமாடிக்குப் போகாததால் இப்போது கணவர்தான் துணி காயப்போடுகிறார், இரண்டாம் பாகத்தையும் சீக்கிரம் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

வீடு விற்காமல் போனதற்கு ஆசிரியர் சார்பில் மன்னிப்பு. அம்மாவிடம் நாவல் பேச்சே எடுக்க வேண்டாம்.

உங்கள் எலி


மார்ச் 22

எலிக்குட்டிக்கு,

இங்கே சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைத் தெரிவிக்கிறது. உன் ஆசிரியருக்கு என் நலவிசாரிப்பைச் சொல். இத்தனை ரோஷத்தோடு இருப்பவருக்கு ரத்த அழுத்தம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் நடைபாதையில் கூட்டம் நிற்கிறது. மேற்குச் சன்னலையே பார்த்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கதை சொல்கிறார்கள். டெய்லரம்மா அவர்களுக்கு நாற்காலி போட்டு, கூடவே ஜாக்கெட் அளவும் எடுத்துக்கொள்கிறாள். போன ஞாயிறு சாயங்காலம் மேலே விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். வேறொரு நாள் சன்னல் பக்கம் பச்சைப் புடவையைக் காயப் போட்டிருந்தேன், காற்றில் ஆடியிருக்கிறது. இரண்டு நாளும் வீடு பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிட்டார்களாம். ஞாபகமறதி. வயதாகிறது இல்லையா.

ஆனாலும் அக்கா விடுவதாக இல்லை. விற்பதற்கு வரைபடம் வேண்டும் என்று புரோக்கரிடம் சொல்லி ஒரு சர்வேயரை அனுப்பியிருக்கிறாள். மனைவியை இழந்தவர், சின்னக் குரல், பெரிய மூக்கு. வாசலில் நின்றபடி வீட்டை ஒரு தடவை பார்த்தார். "நாவல்ல சாப்பாட்டு அறை சன்னல்லருந்து கிணறு தெரியுதுன்னு போட்டிருக்கு. தெரியாதே. நடுவுல படிக்கட்டு வருது" என்றார். இரண்டு தடவை படித்திருக்கிறார்.

அவரிடம் உதவி ஆள் இல்லை. அளவு நாடாவின் மறுமுனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான்தான் பிடித்துக்கொள்கிறேன்.

கிணறு விஷயத்தை ஆசிரியருக்குச் சொல்லிவிடு.

சித்தி


ஏப்ரல் 15

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி. மழையில் நிற்கவில்லை, இருந்தும் தும்மல் வருகிறது. இதை ஆசிரியருக்குச் சொன்னேன். அடுத்த பதிப்பில் ஒரு தும்மலைச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

கிணற்றைப் பற்றி அவர் சொல்வது இது: சாப்பாட்டு அறை சன்னலில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை முழுக்க வெளியே நீட்டினால் கிணறு தெரியும். சர்வேயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. "ஒரு வீட்ட அளக்க எத்தன நாளாகும்? அவர் என்ன, முழம் போட்டா அளக்கறாரு?" என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இரண்டாம் பாகம் வருகிறது. வீட்டுக்கார அம்மாளை என்ன செய்வது என்று முதலாளி வாசகர்களிடம் கேட்டு விளம்பரம் போட்டார். அஞ்சலட்டைகள் மூட்டையாக வந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் அவளைக் கொன்றுவிடச் சொல்கிறார்கள். ஒருவர் எப்படிக் கொல்வது என்று படம் வேறு போட்டிருக்கிறார். அவர் தபால் துறையில் வேலை பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார், அதுதான் கவலையாக இருக்கிறது.

எலி


மே 19

எலிக்குட்டிக்கு,

சளிக்கு வெந்நீர் குடி. எனக்கு இந்த மாதம் முழங்கால் வலி இல்லை. படி ஏறி இறங்கி நாடா பிடித்ததில் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

சர்வேயர் சன்னலில் ஏறித் தலையை நீட்டிப் பார்த்தார். கிணறு தெரிகிறது. "இந்த ஆசிரியர் ரொம்ப ஒல்லியா இருக்கணும்" என்று சொல்லியபடி, என் உதவியோடு இறங்கினார்.

அக்காவிடம் சொல். அளவு ஒத்துவர மாட்டேன் என்கிறது. வெளியே அளந்தால் ஒன்று, உள்ளே அளந்து கூட்டினால் வேறு. ஒரு நாள் ஒரு அடி குறைகிறது, இன்னொரு நாள் அதைவிட அதிகமாகக் குறைகிறது. நாவலில் வருவதுபோல நடுவில் ரகசிய அறை ஏதாவது இருக்குமோ என்று கேட்டேன். "இருக்கலாம். பொறுமையாத்தான் பாக்கணும்" என்றார். செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். தேநீருக்குச் சர்க்கரை கேட்பதை நிறுத்திவிட்டார்.

நேற்று மாடியில் நாடாவைச் சுற்றிக்கொண்டே ஒன்று சொன்னார். "எல்லாரும் நாவல்ல வர்ற அந்தம்மா எதையோ மறைக்கத்தான் கதவப் பூட்டிக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. பூட்டின கதவைத்தானே ஒருத்தர் தட்ட முடியும்?"

எலி, ஆசிரியரிடம் ஒன்று கேட்டுச் சொல். பொதுவாகத்தான் கேட்கிறேன். இரண்டாம் பாகத்தில் யாராவது வந்து தட்டி, அந்த அம்மாள் கதவைத் திறந்தால், வாசகர்கள் சிரிப்பார்களா? அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அக்கா மாதிரி மனிதர்கள் எல்லாம் படிப்பார்கள். டெய்லரம்மாவும் கேட்டாள்.

பதிலைச் சீக்கிரம் போடு.

சித்தி


ஜூன் 6

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் முழங்கால் குணமானதில் மகிழ்ச்சி. எனக்கும் சளி போய்விட்டது. வேலைதான் மூச்சு முட்டுகிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்து ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐம்பது தாண்டியவள் கதவைத் திறந்து புன்னகை செய்தால் அது மர்ம நாவல் இல்லை, கோமாளிக் கூத்து என்கிறார். வாசகர்கள் நிச்சயம் சிரிப்பார்களாம். அந்த வயதுக்கு ஒரு கம்பீரம் வேண்டும், மரணம்தான் அதைக் கொடுக்கும் என்பது அவர் கட்சி. கடைசி அத்தியாயம் எழுதியாகிவிட்டது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்: ஏழாவது படியில் கால் தடுக்கி விழுகிறாள். ஐந்து பக்கத்துக்கு விழுகிறாள். பிரமாதமாக வந்திருக்கிறது.

டெய்லரம்மாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எலி


ஆகஸ்ட் 10

அன்புள்ள சித்திக்கு,

உடம்பு சுகம்தானே? ஜூன் முதல் வாரம் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. நடுவில் ஒரு அட்டையும் போட்டேன். முழங்கால் மறுபடி தொந்தரவு செய்கிறதா? தபால் தொலைந்திருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு உங்களிடமிருந்து வந்திருக்கிறது.

பின்னறையில் இருந்த பழைய மேசைகளை அம்மா நேற்று வெளியே எடுத்துப் போட்டார். "உன் சித்தி ஒரு வழியா ஒத்துக்கிட்டா" என்றார். நான் நம்பவில்லை. சன்னல் இல்லாத அறை சித்தி அது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ரகசிய அறை கிடைத்ததா? சர்வேயர் என்ன சொல்கிறார்? துடைப்பத்தைப் பற்றியாவது ஏதாவது எழுதுங்கள்.

எலி


ஆகஸ்ட் 24

எலிக்குட்டிக்கு,

நான் சுகம். முழங்கால் பழையபடிதான்.

நாவலே படிக்காத ஒருவர் வாங்க வந்திருக்கிறார். ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஏழாவது படி முனகியபோது, "எப்படியும் இடிக்கத்தான போறோம்" என்றார். கிடங்கு கட்டப் போகிறாராம். அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும்.

அளவெல்லாம் சரியாகிவிட்டது. ஜூன் மாதமே ஒரு வெள்ளிக்கிழமை உள்ளும் வெளியும் ஒத்துப்போனது. சர்வேயர் ஏட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். ரகசிய அறை எதுவும் இல்லை.

ஆசிரியர் சொன்னதுதான் சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

சித்தி


செப்டம்பர் 11

அன்புள்ள சித்திக்கு,

இந்தமுறை உடம்பைப் பற்றிக் கேட்டால், முழங்காலைத் தவிர மற்றதையும் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் படித்தார். அதில் துடைப்பம் இல்லை, டெய்லரம்மா இல்லை, ஒரு கிண்டல்கூட இல்லை. பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தார். மே மாதக் கடிதத்தில் நீங்கள் கேட்டது அவர் நாவலைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் அந்த மண்டுவுக்கு உறைத்தது. உங்களிடம் சொல்லச் சொன்னார். அன்றைக்குச் சிரித்த ஆளுக்கு வயது இருபத்தேழு. காதலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் புத்தகத்தில் படித்தது. ஐம்பதைப் பற்றி அதுவும் படிக்கவில்லை.

அவர் கடைசி அத்தியாயத்தை மாற்றிவிட்டார். பக்கங்கள் எல்லாம் அச்சு கோத்து முடிந்த பிறகு. ஒரு வரி கூடினாலும் பின்னால் இருப்பது எல்லாம் நகர்ந்துவிடும், ஆகவே அவள் விழுந்த ஐந்து பக்கத்துக்குள்ளேயே அவள் கதவைத் திறந்தாக வேண்டும். சாவது சுலபம், இடம் தாராளமாகப் பிடிக்கும். திறப்பதை அந்த அளவுக்குள் அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முதலாளி குதித்தார். "கொல்றோம்னு சொல்லித்தான்மா ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கேன். இப்ப கல்யாணக் களை கட்டினா என்னை உதைப்பாங்க." ஆசிரியர் பிடிவாதக்காரர், சம்மதிக்காவிட்டால் மூன்றாம் பாகம் கிடையாதாம் என்று சொன்னேன். மூன்றாம் பாகம் என்ற வார்த்தை அவரைக் கொஞ்சம் உட்கார வைத்தது.

பிறகு முற்றுப்புள்ளி படிக்க உட்கார்ந்தார். நான் திருத்தும் பேனாவோடு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான அதே குரல்தான். "தட்டும் சத்தம் கேட்டது முற்றுப்புள்ளி அவள் சாவிக்கொத்தை எடுத்தாள் முற்றுப்புள்ளி." அதற்குப் பிறகு அவள் சாவியைத் தேடுகிறாள், தப்பான சாவி, மறுபடி தப்பான சாவி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குறிகளைச் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. கதவு திறந்ததும் தாளைக் கீழே வைத்தார். "முற்றுப்புள்ளி" என்று கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார். அச்சுக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் சிரித்தார், பிறகு என்ன ஆகிறது என்று அவரே ஓடி வந்து கேட்டார்.

அந்த ஐந்து பக்கங்களையும் இதோடு அனுப்புகிறேன். அச்சாவதற்கு முன்னால் முதலில் படிக்கிறவர் நீங்கள்தான். ஐஸ்காரரிடம் கையெழுத்துப் போடும் முன்னால் படித்துவிடுங்கள். ஆசிரியர் கெஞ்சிக் கேட்கிறார்.

எலி


அக்டோபர் 2

மதிப்புக்குரிய கருநிழல் அவர்களுக்கு,

என் அக்கா மகள் வழியாகவே இதுவரை உங்களோடு பேசி வந்தேன். இந்தமுறை நேராகவே எழுதுகிறேன். நான் மிகவும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிக்கு இருபத்தேழு வயதுதான் என்று கேள்விப்பட்டேன். படையில் சேர்ந்தபோது தொட்டிலில் இருந்திருப்பீர்கள்.

ஐந்து பக்கங்களையும் படித்தேன். தப்பான சாவி வரும் இடத்தில் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சர்வேயருக்கு, வரைபடத்தில் பிழை இருக்கிறது, திரும்ப அளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். அழைப்பு மணியை அடிக்கவில்லை. தட்டினார். திறந்தேன். கையில் ஒன்றும் இல்லை.

"நாடா எங்க?" என்றேன்.

"அது எதுக்கு இனிமே?" என்றார்.

ஆசிரியர் அவர்களே, உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். மூன்றாம் பாகத்துக்கு உதவும். மார்ச் மாதத்திலிருந்து நாடாவின் என் முனை ஒரு தடவையும் சுவரைத் தொடவில்லை. ஒரு நாள் சுவருக்கு ஓர் அடி முன்னால் நிற்பேன், இன்னொரு நாள் அதற்கும் முன்னால். உங்கள் பதில் வந்த வெள்ளிக்கிழமைதான் ஒழுங்காகச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். இதை அவரிடம் சொன்னேன்.

"முதல் வாரமே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அளந்து முடிச்சிருப்போமே."

"அந்த வெள்ளிக்கிழம ஏன் பேசாம போனீங்க?"

"நீங்கதான் அளந்து முடிச்சிட்டீங்களே."

ஐஸ்காரரிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். பேய் பயமா என்று கேட்டார். ஆமாம், அது வீட்டைக் காலி செய்ய மறுக்கிறது என்றேன். அடுத்த மாதம் நானும் சர்வேயரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். டெய்லரம்மா சாட்சி. அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பேயைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

கடைசியாக ஒரு குறை. மேற்கு அறை அலமாரிக் கதவு தானாகத் திறக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அது தானாகத் திறந்ததே இல்லை. பள்ளி விடுமுறைகளில் ஓர் எலி புத்தகத்தோடு உள்ளே புகுந்துகொள்ளும், கால் மரத்துப்போனால் உதைக்கும். அப்போது மட்டும் திறக்கும். அந்த இடத்தைப் படித்ததுமே ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் துடைப்பத்தைப் பற்றி எழுதினேன்.

கண்ணாடியை அலுவலகத்தில் வைத்துவிட்டு வராதீர்கள், ஐயா. உங்களுக்கு வேறு கண் கிடையாது.

தங்கள் வாசகி


அக்டோபர் 9

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். மறுநாள் பழைய மேசைகளைப் பின்னறைக்குள் திரும்ப இழுத்துப் போட்டார். அப்புறம், "அந்த மனுஷனுக்குச் சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன். அம்மாவும் வருகிறார்.

நான் சுகம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கருநிழல் உங்கள் கல்யாணத்துக்கு வருகிறார். உடுத்திக்கொள்ள நல்லதாக ஒன்றும் இல்லையாம். உங்கள் பச்சைப் புடவையை ஒரு நாளைக்குத் தருவீர்களா என்று கேட்கச் சொன்னார்.

எலி